செவலை ஏறிப் போன மெட்டு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் முதலில் சர்க்கரை அளவைப் பேசுகிறோம், அப்புறம் முழங்கால் வலியை. பிள்ளைகள் செல்போனை விட்டுத் தலை நிமிர்வதில்லை என்று கொஞ்ச நேரம் புலம்புகிறோம். எல்லாம் பேசி ஓய்ந்த பிறகு யாராவது ஒருவர் "எங்க வீட்ல ஒரு நாய் இருந்துச்சு" என்று ஆரம்பிப்பார். ஆளுக்கொரு நாய்க்கதை வைத்திருக்கிறீர்கள். சுடுகாடு வரைக்கும் பின்னாலேயே வந்த நாய், பாம்பைக் கடித்துத் தானும் செத்த நாய் என்று எல்லாமே விசுவாசமுள்ள நாய்கள். நான் மட்டும் டீயைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவேன். என் கதையில் வரும் நாய்க்கு விசுவாசம் கிடையாது. அதற்காக அதன்மேல் எனக்குக் கோபமும் கிடையாது. இன்றைக்கு எழுதியாவது வைக்கிறேன்.

தேனிப் பக்கம் தேவாரம் என்ற ஊருக்கு மேற்கே மலை தொடங்குகிற இடத்தில் எங்கள் ஊர். வாசல் கதவைத் திறந்தால் மூஞ்சிக்கு நேரே மலைதான். அதற்கு அந்தப் பக்கம் கேரளா, ஏலத்தோட்டங்கள். மலையைக் கடக்கிற உச்சியை மெட்டு என்போம். போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் தார் ரோடு உண்டு. எங்களுக்கு நேர் மேலே இருந்த மெட்டுக்குக் கழுதைகள் பொதி சுமந்து ஏறிய ஒற்றையடிப் பாதை மட்டும்தான். ஏலக்காய் எடுக்கிற பெண்கள் ஜீப்பில் அடைந்துகொண்டு போடி வழியாகப் போய் இருட்டுகிற நேரத்தில் திரும்புவார்கள். தூரத்துத் தோட்டமாக இருந்தால் அங்கேயே லயத்தில், அதாவது வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகளில், சீசன் முடியும்வரை தங்கிவிடுவதும் உண்டு. அதனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை "எங்கம்மா மலைக்குப் போயிருக்கு" என்று சொன்னால் யாரும் மேலே ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். பாதி வகுப்புக்கு அம்மா மலையில்தான் இருப்பாள்.

என் அம்மா அப்படிப் போகிறவள் இல்லை. அப்பாவுக்குச் சொந்தமாகப் புஞ்சைக் காடு இருந்தது, கிணறு இருந்தது. கிணற்றில்தான் தண்ணீர் இல்லை. தொடர்ந்து மழை பொய்த்துப் பருத்தி கருகிப்போன பிறகு, தானும் ஜீப்பில் ஏறுவதாக அம்மா சொன்னாள். அதில்தான் சண்டை வந்தது.

"காடு வச்சிருக்கவன் பொண்டாட்டி கூலிக்கு மலையேறுனா ஊரு என்ன சொல்லும்?" என்றார் அப்பா.

"ஊரா நமக்குச் சோறு போடுது? பக்கத்து வீட்டு மதினியும்தான் போறாக. அவுக கெட்டுப் போயிட்டாகளா?"

"அவுக போவாக. நீ போகக் கூடாது."

"நான் போவேன்."

"போ. போறவ அங்கனயே கெட. எறங்கி வந்துறாத."

நான் ஓரத்தில் பாயில் படுத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். சண்டை நடக்கும்போது தூங்குவதுபோல் நடிப்பது நம் தலைமுறைக்குக் கைவந்த கலை, உங்களுக்குத் தெரியும். விடிந்து பார்த்தபோது அம்மா இல்லை. அவளுடைய நீல ரெக்சின் பையும் இல்லை. கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த குடையும் இல்லை.

அந்தக் குடைதான் எங்களுக்கு எல்லாவற்றையும் தீர்மானித்துக் கொடுத்தது. ஆடி மாதம் எங்கள் பக்கத்தில் மழையே கிடையாது. காற்று மட்டும் கூரையைப் பிய்க்கிற மாதிரி அடிக்கும். நாங்கள் மண்ணைத் தின்றுகொண்டிருக்கும்போது தலைக்குமேல் மலையுச்சியில் மட்டும் பகலும் இரவும் கொட்டிக்கொண்டிருக்கும். ஆடியில் குடையோடு கிளம்புகிறவர்கள் மலைக்குப் போகிறார்கள் என்பது எங்கள் பகுதியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அம்மாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. வளர்த்த சித்தப்பா வீட்டுக்கு மட்டும் ஆள் அனுப்பிப் பார்த்தார்கள், வரவில்லை என்று தகவல் வந்தது. அதோடு விசாரணை முடிந்தது. சொன்னபடியே மலைக்குப் போய்விட்டாள் என்று அப்பா முடிவுகட்டினார்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சின்னமனூரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள், கணவனை இழந்தவள், கை சுறுசுறுப்பு, வாய் அதைவிடச் சுறுசுறுப்பு. வந்த அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டாள்.

"நீ போயி நிக்காத தம்பி. நீயா போயிக் கூப்பிட்டயின்னா ஆயுசுக்கும் ஒன் தலையில ஏறி ஒக்காந்துக்குவா. குளுரு தாங்காம அவளா எறங்கி வருவா, பாரு."

ஊரில் கேட்டவர்களுக்கு, சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னாள். மலைக்குப் போய்வரும் பெண்களிடம் கேட்டால் குட்டு உடைந்துவிடும் என்று யாரிடமும் கேட்கவும் விடவில்லை. மலையில் தோட்டம் ஒன்றா இரண்டா? எந்தத் தோட்டம், எந்த லயம் என்று எங்களுக்கும் தெரியாது. ஆனாலும் சாயங்காலம் அப்பா வாசலில் நின்று பல் குத்திக்கொண்டே மலையைத்தான் பார்ப்பார். பார்க்கவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி செவலை. பழுப்பும் சிவப்புமாக ஒரு பெட்டை நாய். யாரோ சந்தையில் விட்டுப்போன குட்டியை அம்மா முந்தானையில் சுற்றி எடுத்து வந்தாள். வீட்டில் மூன்று பேர் இருந்தாலும் அதற்கு அம்மா ஒருத்திதான் ஆள். அம்மா போனபிறகு சோற்றை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. ஒருநாள் காலையிலிருந்து காணவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் மலைப்பக்கமிருந்து நனைந்துபோய் வந்தது. மறுநாளும் அப்படியே. அதைத் துவட்டிவிடப் போனபோதுதான் எனக்கு அந்த வாசம் அடித்தது. ஈர நாயின் நாற்றத்துக்கு அடியில் பச்சை ஏலக்காய் வாசம், கூடவே விறகுப் புகை.

இந்த நாய் அம்மாவிடம் போய்வருகிறது. அம்மா இதைத் தொட்டுத் தடவியிருக்கிறாள். யாருக்கும் தெரியாத இந்த விஷயம் எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு தினமும் பொழுது சாயக் காத்திருப்பேன். செவலை வந்ததும் மாட்டுக்கொட்டத்துக்குக் கூட்டிப்போய் அதன் கழுத்தில் மூக்கைப் புதைத்துக்கொள்வேன். அதுவும் பொறுத்துக்கொள்ளும். இன்றைக்கும் கேசரியில் ஏலக்காய் தூக்கலாக இருந்தால் எனக்கு நாய் ஞாபகம்தான் வருகிறது. விருந்து வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள், என்னமாகப் பார்ப்பார்கள் என்று தெரியும்.

ஒருநாள் என் சிவப்பு ரிப்பனை அதன் கழுத்தில் கட்டி அனுப்பினேன். சாயங்காலம் ரிப்பன் இல்லாமல் வந்தது. முள்ளில் மாட்டிக் கிழிந்திருந்தால் நுனியாவது கழுத்தில் இருந்திருக்கும். யாரோ முடிச்சை அவிழ்த்து எடுத்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அம்மாதான். அடுத்த வாரம் இன்னொரு ரிப்பன் அனுப்பினேன். அதுவும் போய்ச் சேர்ந்தது. ரிப்பனை எங்கே தொலைத்தாய் என்று அத்தை முதுகில் ஒன்று வைத்தாள், எனக்கு வலிக்கவே இல்லை.

நாய் மலைக்குப் போவது அத்தைக்குப் பிடிக்கவில்லை. பன்றி கிழித்துவிடும் என்று சொல்லி ராத்திரியே சங்கிலியில் மாட்டிவிடுவாள். காலையில் பார்த்தால் சங்கிலி மட்டும் கிடக்கும். "கழுத்துப்பட்டைய எப்படித்தான் கழட்டுதோ சனியன்" என்று திட்டுவாள். செவலையின் கெட்டிக்காரத்தனத்தை எண்ணி எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலையே இல்லை. கதவைத் திறந்தால் மலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் நின்றது. "மஞ்சு எறங்கிருச்சு" என்றாள் அத்தை. மலைக்குப் போய்வருகிறவர்கள் வாயில் புழங்குகிற சொல், மேகத்துக்கு. அத்தனை கீழே மேகம் இறங்கி நான் பார்த்ததில்லை. வெயில் இல்லாத காலை ஒருமாதிரி கிறுகிறுப்பாக இருந்தது. அத்தை அடுப்படியில் இருந்தாள், அப்பா காட்டுக்குப் போயிருந்தார். சங்கிலி வழக்கம்போல் தரையில் கிடந்தது. செவலை தெருமுனையில் ஒரு கோழியை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு என்னவோ நினைவு வந்ததுபோல் மேற்கே நடந்தது. நானும் நடந்தேன்.

கதைகளில் நாய் திரும்பிப் பார்த்துப் பார்த்துப் பிள்ளையைக் கூட்டிப்போகும். செவலை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அது பாட்டுக்குப் போனது, நான் பின்னால் போனேன். புளியமரங்கள் முடிந்து பாதை ஏறத் தொடங்கியது. கொஞ்ச தூரத்துக்கு ஊர் கீழே தெரிந்தது, கோயில் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, எங்கள் காட்டின் வறண்ட சிவப்பு. அப்புறம் ஒரு வளைவில் மேகத்துக்குள் நுழைந்தோம். எனக்கு முன்னால் பாதை கிடையாது, மரம் கிடையாது, ஒரு வால் மட்டும் ஆடிக்கொண்டு போனது. அந்த வாலைத் தவறவிட்டால் என்னால் மேலேயும் போக முடியாது, கீழேயும் இறங்க முடியாது. "செவல, மெதுவாப் போ" என்று கெஞ்சினேன். அது நின்று ஒரு கல்லை மோந்து பார்த்து, மூத்திரம் பெய்துவிட்டு மறுபடி நடந்தது. அந்த இடைவெளியில் நான் ஓடிப் பிடித்துக்கொள்வேன். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் தவிர எந்தச் சத்தமும் இல்லை. தாகத்துக்கு அந்த இலைகளை நக்கினேன். காலில் ஏதோ நமநமவென்று இருந்தது, குனிந்து பார்க்க நேரமில்லை.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினேன். அப்பா மனசு மாறிவிட்டார் என்று பொய் சொல்லலாம். அப்பாவுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லலாம். இல்லை, ஒன்றும் சொல்ல வேண்டாம், என்னைப் பார்த்தாலே வந்துவிடுவாள். அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

பாதை சமதளத்துக்கு வந்ததும் காற்று மாறியது. அந்த வாசம். இத்தனை நாள் நாயின் ரோமத்தில் தேடித் தேடி முகர்ந்த வாசம், மேகம் முழுக்க அடித்தது. காய் உலர்த்தும் ஸ்டோரின் புகைபோக்கி மங்கலாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட லயம். செவலை ஓடியது, நானும் ஓடினேன். கடைசி வாசலில் ஒரு பெண் முதுகைக் காட்டிக் குனிந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குளிருக்குத் தலையில் துண்டைக் கட்டியிருந்தாள்.

"அம்மா" என்று கத்தினேன்.

அவள் திரும்பினாள். வேறு யாரோ.

நான் அப்படியே நின்றேன். செவலை அவள் காலைச் சுற்றிக் குழைந்தது. "வந்துட்டியா ராணி" என்று அவள் அதன் தலையில் ஈரக்கையால் தட்டினாள். எங்கள் செவலைக்கு அங்கே ராணி என்று பெயர். உள்ளே போய் ஒரு தகரத் தட்டில் கருவாட்டுத் தலையும் பழைய சோறும் கொண்டுவந்து வைத்தாள். நாய் தட்டிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. வாசலில் மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்று மூக்கொழுக நின்றது. அதன் இரண்டு குட்டிச் சடைகளிலும் என் சிவப்பு ரிப்பன்கள்.

"யாரு பிள்ள நீ? எங்கிட்டு இருந்து வர்ற? அய்யய்யோ, காலப் பாரு" என்றாள் அவள்.

காலெல்லாம் அட்டைகள். ரத்தம் வழிந்து பாவாடை ஓரம் நனைந்திருந்தது. அவள் என்னை அடுப்பருகே உட்காரவைத்து உப்பைத் தேய்த்து ஒவ்வொன்றாக விழவைத்தாள். கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். நான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன். அம்மாவின் நிறம், உயரம், நீலப் பை, குடை எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள் கடைசியில் தலையை ஆட்டினாள்.

"இந்தத் தோட்டத்துல ஒங்க ஊரு ஆளுக யாருமே இல்லயே தங்கம். சுத்துப்பட்டுல புதுசா ஒரு பொம்பள வந்தா சம்பளத்தன்னைக்குக் கடையில எங்க கண்ணுல படாமயா இருக்கும்? இந்த நாயி என்னமோ ஒருநா வந்துச்சு. கருவாட்டத் தின்னு பழகிருச்சு. அது பாட்டுக்கு வரும், போகும்."

அவ்வளவுதான். அது அம்மாவைத் தேடி ஒருநாளும் போகவில்லை. அது கருவாட்டுக்குப் போனது. எனக்கு அந்தப் பெண்மீது வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. காப்பி கொடுத்த கையைக் கடித்துவிடலாம் போல இருந்தது. அம்மாவாக இல்லாமல் இருந்ததைத் தவிர அவள் ஒரு குற்றமும் செய்யவில்லை.

நாயின் பின்னால் நான் மலையேறியதை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், மதியம் தாண்டி அதே பாதையில் அப்பா வந்தார். மேகத்திலிருந்து ஓர் ஆள் பிரிந்து வருவதுபோல் வந்தார். அடி விழப்போகிறது என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார், ஆனால் என்னிடம் வரவில்லை. லயத்தின் முதல் வாசலில் எட்டிப் பார்த்தார். அடுத்த வாசல், அதற்கடுத்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே கடைசிக்கு வந்தார். அப்போதுதான் அவர் சட்டையைக் கவனித்தேன். கல்யாணங்களுக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டை, நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. காணாமல்போன பிள்ளையைத் தேடி ஓடிவருகிறவர் யாரும் பெட்டியைத் திறந்து அந்தச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வரமாட்டார்.

"அவ எங்கன?" என்றார் என்னிடம்.

அந்தப் பெண்தான் சொன்னாள். "இங்கன அப்படி யாரும் வரலண்ணே. ஒங்க பிள்ளகிட்டயும் சொன்னேன். உள்ள வந்து ஒக்காருங்க, நனஞ்சிருக்கீக."

"நாயி இங்கனதான வருது?"

"நாயி வருதுண்ணே. நாந்தான் சோறு வைக்கிறேன்."

அப்பா வாசற்படியில் உட்கார்ந்தார். செவலையைப் பார்த்தபடி யாரிடம் என்றில்லாமல் பேசினார்.

"நாந்தான் தெனம் விடியக்காலம் அவுத்து விடுவேன். போயிட்டு வரட்டும்னு. வந்ததும் ஏலக்கா வாசம் அடிக்கும்ல. சரி, இருக்கா, நல்லாத்தான் இருக்கான்னு நெனச்சுக்கிருவேன்."

எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்திருந்தேன். மாட்டுக்கொட்டத்தில் நான் முகர்ந்துவிட்டுப் போன பிறகு இவரும் வந்து அந்தக் கழுத்தை முகர்ந்திருக்கிறார். அப்பா என்றால் எல்லாம் தெரிந்தவர் என்றிருந்த எனக்கு, என்னைப்போலவே ஒன்றும் தெரியாத ஆளாக அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. அடித்திருந்தால்கூடத் தேவலை.

கிளம்பும்போது செவலையைக் கூப்பிட்டார். அடுப்புச் சாம்பல் பக்கத்தில் படுத்திருந்த அது வாலை இரண்டுமுறை தரையில் அடித்தது, எழவில்லை. நான் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். உறுமியது. அதுவரை என்னைப் பார்த்து அது உறுமியதே இல்லை.

"விடு ஆத்தா. அதுக்கு எங்கன இருக்கணுமோ அங்கன இருக்கட்டும்" என்றார் அப்பா.

அதற்குப் பிறகுதான் நாங்கள் தேடவே ஆரம்பித்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் வெட்கத்தைவிட்டு விசாரித்தபோது, பஸ் நிற்கும் இடத்தில் காயின் போன் வைத்திருந்த கடைக்காரர் சொன்னார். ஆடிக்காற்றில் மண்ணுக்கு மறைப்பாகக் குடையை முகத்தோடு பிடித்துக்கொண்டு ஒரு பெண் விடியற்காலையில் தேனி பஸ் ஏறினாளாம். யார் வீட்டுப் பெண் என்று அவருக்குத் தெரியும். சித்தப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று அத்தை சொல்லிவைத்திருந்ததால் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா கிழக்கே போயிருந்தாள். நாங்கள் அத்தனை நாளும் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தோம். தேனி பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் ஆண்டிபட்டி, மதுரை, திண்டுக்கல், திருப்பூர் என்று எத்தனை பஸ். அப்பா ஒவ்வொரு ஊராகப் போனார். போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்தார். போன வாரமே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றே எல்லா இடத்திலும் சொன்னார்கள். அம்மாவை நாங்கள் பார்க்கவே இல்லை, இன்றுவரை.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் மலையிறங்கும்போது இதெல்லாம் தெரியாது. வழுக்குகிற இடங்களில் அப்பா பின்னால் கையை நீட்டுவார், நான் பிடித்துக்கொள்வேன். மேகத்தைவிட்டு வெளியே வந்தபோது கீழே ஊரில் விளக்குப் போட்டிருந்தார்கள்.

மலையடிவாரத்துப் புளியமரத்தடியில் அத்தை நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியாது. கையில் மடித்த சேலை ஒன்று இருந்தது, அம்மாவுடைய சேலை, மாம்பழக் கலர். மேலே மழையில் நனைந்து வருகிறவளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டுமே என்று கொண்டு வந்திருந்தாள். நீயாகப் போய்க் கூப்பிடாதே என்று சட்டம் போட்ட அதே அத்தைதான்.

நாங்கள் கிட்டே வந்தோம். அவள் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள்.

"பின்னால வர்றாளா?" என்றாள்.

அப்பா அவளைத் தாண்டி நடந்துபோனார். அத்தை இன்னும் கொஞ்ச நேரம் அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் குளிரில் பல் கிட்டியது. அப்போதுதான் நான் நிற்பது அவளுக்குத் தெரிந்தது போலிருக்கிறது. மடிப்பைப் பிரித்து அந்தச் சேலையை என்மேல் சுற்றத் தொடங்கினாள். சுற்றச் சுற்ற அது மிச்சமிருந்தது. எனக்கு அது ரொம்பப் பெரிதாக இருந்தது.